உப்பு மூட்டை தூக்க ஒரு நல்ல பை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)

தண்ணீர் லாரி, தெருவிளக்கு, பராமரிப்புத் தொகை என்று பேசி முடித்துவிட்டோம். இனி பத்து நிமிடம் பிள்ளை தூக்குவதைப் பற்றிப் பேசலாம் என்று செயலாளர் சொன்னார். சிரிக்காதீர்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளில் முதுகுவலி இல்லாதவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்.

நம் ஊரில் பிள்ளையைத் தூக்க இடுப்புதான் வண்டி, தூங்க வைக்கத் தூளி. பங்குனிப் பொங்கலில் கரும்பில் தொட்டில் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகக் குழந்தையைச் சுமந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கவனித்துப் பாருங்கள், அதில் பாரம் இரண்டு தோளுக்குப் பிரிகிறது. இடுப்பில் தூக்கும்போதோ முழுப் பாரமும் ஒரே பக்கம். முதுகெலும்பு சாய்ந்து, ஒரு கையும் கட்டுண்டு போகிறது.

பாரம் எவ்வளவு? உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஒரு வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9.6 கிலோ, பெண் குழந்தை 8.9 கிலோ. இரண்டு வயதில் 12.2, 11.5. மூன்று வயதில் 14.3, 13.9. வீட்டுக்கு வரும் சிலிண்டருக்குள் இருக்கும் கேஸ் 14.2 கிலோ. அதை ஒரு பக்கத்து இடுப்பில் வைத்துக்கொண்டு திருச்சுழி திருமேனிநாதர் கோயில் பிரகாரத்தைச் சுற்றுவதாக நினைத்துப் பாருங்கள். தள்ளுவண்டி நமக்கு ஒத்துவராது. கோயில் படி, கண்மாய்க் கரை, மழை பெய்த கரிசல் மண், எதிலும் சக்கரம் உருளாது. அதனால்தான் முதுகில் மாட்டும் பேபி கேரியரை நம் வீடுகளில் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

இது வெளிநாட்டு மோகம் என்று சில பெரியவர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. 1960-களில் ஆன் மூர் என்ற அமெரிக்க நர்ஸ் ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டுக்கு வேலைக்குப் போனார். அங்கே தாய்மார்கள் துணியால் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பதைக் கண்டார். ஊர் திரும்பித் தன் மகளுக்காக அதே போல ஒன்று செய்து, 1969-இல் காப்புரிமை வாங்கினார். ‘ஸ்னக்லி’ என்ற பெயரில் விற்ற கேரியர் அதுதான். ஆக, மூலம் ஏழைத் தாயின் துணி. நமக்கு அந்நியமானது இல்லை.

இனி என் வீட்டுக் கதை. என் பேத்திக்கு ஒன்றேகால் வயதில் விலை மலிவு என்று ஆன்லைனில் ஒன்று வாங்கினோம். பொங்கல் கூட்டத்தில் அரை மணி நேரம் மாட்டியிருந்தேன். பிள்ளை விடாமல் அழுதாள். பசி என்று நினைத்துப் பிஸ்கட் கொடுத்தேன். கழற்றிப் பார்த்தால் இரண்டு தொடையிலும் சிவந்த கோடு, முதுகு முழுக்க வியர்வை. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு எடை போட்டவள் நான், இதைக் கவனிக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும் பட்டதையும் சொல்கிறேன்.

முதலில் உட்காரும் இடம். நீங்கள் உப்பு மூட்டை தூக்கும்போது பிள்ளை எப்படி உட்காருகிறது? முழங்கால் மேலே, பின்பக்கம் கீழே, கால்கள் உங்களைச் சுற்றி. கேரியரிலும் அப்படியே இருக்க வேண்டும். அடித்துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை தாங்க வேண்டும். எங்கள் பையில் அது ஒரு சாண்கூட இல்லை, கால் இரண்டும் தொங்கியது. இடுப்பு மூட்டு விலகல் என்ற பிரச்சினைக்கு ஆபத்தான காலம் பிறந்து முதல் ஆறு மாதம். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு அந்தப் பயம் குறைவு. ஆனாலும் தொங்கும் கால் மரத்துப்போகும், துணி தொடையை அறுக்கும். வாங்கும்போது ‘டாட்லர்’ அளவா என்று கேளுங்கள். கைக்குழந்தை அளவு இரண்டு வயதுக்குப் போதாது.

இரண்டாவது, இடுப்புப் பட்டை. பாரம் உங்கள் தோளில் இறங்கினால் கழுத்து போகும். இடுப்பெலும்பில் இறங்கினால் நடக்கலாம். பட்டை அகலமாக, பஞ்சு வைத்து, இடுப்பெலும்புக்கு மேல் இறுக்கமாக நிற்க வேண்டும். முதலில் அதைப் பூட்டுங்கள், பிறகு தோள் வாரை இழுங்கள். மார்புக்குக் குறுக்கே வரும் சின்ன வார் மேலும் கீழும் நகர வேண்டும். பாட்டியும் மாட்டுவாள், அப்பாவும் மாட்டுவான் என்றால் இரண்டு உடம்புக்கும் வார் நீளம் போதுமா என்று பாருங்கள்.

மூன்றாவது, வெயில். அருப்புக்கோட்டையின் சித்திரை வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் முதுகுச் சூடும் பிள்ளையின் வயிற்றுச் சூடும் சேர்ந்து நடுவில் வேகும். கறுப்பு நிற, தடித்த பஞ்சுப் பை வேண்டாம். பருத்தி அல்லது வலைத்துணி வைத்தது நல்லது. காலை பதினொன்றிலிருந்து மூன்று வரை மாட்டவே வேண்டாம். மற்ற நேரத்திலும் அரை மணிக்கு ஒருமுறை இறக்கி, தண்ணீர் கொடுத்து, கால் நீட்ட விடுங்கள். பின்னால் இருப்பதால் முகம் தெரியாது. செல்போன் செல்ஃபி கேமராவைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். தூங்கினால் தாடை நெஞ்சில் இடிக்காமல் இருக்கிறதா, மூக்கு வாய் மூடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நெசவு ஊர்க்காரர்கள் நாம், பழைய சேலையிலேயே கட்டிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். தூளிக்குத் துவைத்துத் துவைத்து மெலிந்த சேலை மெத்தென்று இருக்கும். முதுகில் கட்ட அது ஆகாது, நைந்த இழை திடீரென்று கிழியும். கட்டுவதானால் உறுதியான புதுப் பருத்தித் துணி வேண்டும், கட்டத் தெரிந்தவரிடம் பழகவும் வேண்டும்.

அலுமினியச் சட்டம் வைத்த பெரிய கேரியரும் உண்டு. சட்டத்தால் முதுகுக்குக் காற்று வரும், நிழல் கூரையும் இருக்கும். ஆனால் வெறும் பையே மூன்று கிலோ இருக்கும். பிள்ளையின் தலை உங்கள் தலைக்கு மேலே நிற்கும். கண்மாய்க் கரையில் சீமைக் கருவேல முள் முதலில் கிழிப்பது அதன் முகத்தைத்தான். மலை ஏறுகிறவர்களுக்குச் சரி. கடைவீதிக்கும் கோயிலுக்கும் துணிக் கேரியர் போதும்.

வாங்கிய அன்றே பிள்ளையை வைக்காதீர்கள். பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்து, வீட்டுக்குள் இருபது நிமிடம் நடங்கள். தையல் விலகுகிறதா, பக்கிள் நழுவுகிறதா, எங்கே வலிக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு பிள்ளையோடு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் நிற்கப் பழகுங்கள். கீழே கிடப்பதை எடுக்க முழங்காலை மடக்குங்கள். முன்னால் குனிந்தால் பிள்ளை தலைக்கு மேலே வழுக்கி வரும். அடுப்படியில் மாட்டவே வேண்டாம்.

கடைசியாக, நான் பேச ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான். போன வருடம் என் மகன் பிள்ளையைக் கேரியரில் முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் திருச்சுழி ரோட்டில் போனான். நாய் குறுக்கே வர, பிரேக் பிடித்து, மணலில் சறுக்கி, பக்கவாட்டில் விழுந்தான். பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். அவன் மல்லாந்து விழுந்திருந்தால்? அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நடக்கத் தைத்த கேரியர் வண்டிக்கு ஆகாது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை பைக்கில் பிள்ளைக்குப் பாதுகாப்பு வார், தலைக்கவசம் இரண்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி கொண்டுவந்தது. அந்த வார் 30 கிலோ தாங்கும்படி செய்த தனிப் பொருள். நம் வாசலில் காலையில் புறப்படும் வண்டிகளை எண்ணிப் பாருங்கள், எத்தனை பிள்ளைக்கு அது இருக்கிறது?

ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். பிள்ளை இரண்டு வருடத்தில் பைக்குள் அடங்காது. பிறகு பை பரணுக்குப் போகும். அப்படிப் பரணில் கிடப்பதைச் சங்க அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள். தையலும் பக்கிளும் நானே சோதித்து வைக்கிறேன். வேண்டியவர்கள் ஒரு வாரம் எடுத்துப் போய் மாட்டிப் பார்த்து, ஒத்துவந்தால் புதிது வாங்கட்டும். அரிசிப் பை மட்டும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.