வாவியின் கதவும் வாழும் உயிர்களும்

கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டிற்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில் அமைந்தது குருக்கள்மடம். மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை வீதியில் உள்ள இவ்வூரின் துறையில் பாதை ஏறி, எதிர்க்கரையாகிய அம்பிளாந்துறைக்குச் சென்றுவந்த வேளாண்மைக்காரர் பல தலைமுறையினர். அவர்கள் கடந்த நீர்ப்பரப்பின் கீழே ஒரு புதிர் உண்டு. ஓராண்டில் மலிந்து கிடக்கும் இறால், மறு ஆண்டில் அருகிப் போகிறது. காரணம் யாது?

ஒரு விலங்கு எங்கே வாழ்கிறது, எத்தனை வாழ்கிறது என்னும் இரு வினாக்களும் ஒரே வினாவின் இரு பக்கங்களே என்று கொண்டனர், ஆஸ்திரேலிய அறிஞர்களான அன்ட்ரூவார்த்தாவும் பர்ச்சும். 1954ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் நூல், விலங்கின் சூழலை வானிலை, உணவு, பிற உயிர்கள், தங்குமிடம் என நான்காக வகுத்தது. இந்நான்கின் ஆட்சியையும் குருக்கள்மடத்துக் கரையிலேயே காணலாம்.

ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமுடைய இவ்வாவி, வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் கடலை அடைகிறது. மழையற்ற மாதங்களில் அலைகள் மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைத்துவிடுவதுண்டு. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு வரும் மழை, படுவான்கரை ஆறுகளை நிறைத்து வாவி நீரின் உவர்ப்பைக் குறைக்கிறது. வெள்ளம் பெருகி மண்திட்டு தானே உடையும். அல்லது வயல்களைக் காப்பதற்காக வெட்டப்படும். பின்னர்க் கடல்நீர் உட்புக, உவர்ப்பு மீண்டும் ஏறும்.

இவ்வாறு மாறும் நீர் எல்லா உயிர்க்கும் ஏற்றதன்று. விரால் நன்னீருக்கே உரியது. அதன் இடம் குளமும் வயல் வாய்க்காலுமே. 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கத் திலாப்பியாவோ நன்னீரையும் உவர்நீரையும் ஒருங்கே தாங்கும். ஆதலின் குளத்திலும் வாவியிலும் அது பரவிற்று. தாங்கும் ஆற்றல் அகன்றால் வாழும் எல்லையும் அகலும்.

இறாலின் வாழ்வு இன்னும் நுட்பமானது. தாய் இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் நீரோட்டத்தோடு முகத்துவாரம் வழியே வாவிக்குள் புகுந்து, கண்ணா மரங்களின் வேர்களிடையே ஒளிந்து வளர்கின்றன. உதிர்ந்து மக்கும் கண்ணா இலையிலிருந்து தொடங்கும் உணவே அவற்றை வளர்க்கிறது. வளர்ந்தபின் இனம்பெருக்க மீண்டும் கடலை நாடுகின்றன. சேற்றில் வளைதோண்டி வாழும் நண்டின் பெண்ணும் முட்டை பொரிக்கக் கடலுக்கே செல்லும்.

குஞ்சுகள் வரும் காலத்தில் கதவு அடைபட்டிருந்தால், வாவியில் உணவு மிகுந்திருந்தும் பயனில்லை. கதவு திறந்திருந்தும் கண்ணாக்காடு அழிந்திருந்தால், வந்த குஞ்சுகள் பெரிய மீனுக்கும் நீர்க்காகத்துக்கும் இரையாகும். இரண்டும் நன்றாக இருந்தும் சிறுகண் வலை இளம் இறாலை வாரிவிட்டால், கடலுக்குத் திரும்பத் தாய் இறால் இராது. குளத்தில் நீர் எவ்வளவு நிறைந்திருப்பினும், மடை விடும் அளவே வயலுக்குப் பாயும். உயிர்களின் தொகையும் அத்தகையதே; மிகுந்திருப்பது எதுவோ அதுவன்று, குறைந்திருப்பது எதுவோ அதுவே தொகையை வரையறுக்கிறது.

வெள்ளத்தில் பயிர் அழுகும்போது முகத்துவாரத்தை உடனே வெட்டவேண்டும் என்பார் வேளாண்மைக்காரர். வெட்டும் காலம் தவறினால் தம் வலை வெறுமையாகும் என்பார் மீனவர். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. இருவர் அடுப்பும் அவ்வொரு கதவையே நம்பியுள்ளன. ஆதலின் வெட்டும் நாளை இருவரும் கூடியிருந்து தீர்மானிப்பதே முறை. கண்ணாவைக் காப்பதும், சிறுகண் வலையை ஒதுக்குவதும் அதனோடு சேரவேண்டிய கடமைகள். இறால் குறைந்த ஆண்டில் அயலவரைப் பழிப்பதற்கு முன், வாவிக்கு எது குறைந்தது என்று கேட்பதே அறிவுடைமை.