காட்டுக்காக ஒரு மனு
(பங்கு வெள்ளி விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



தறியை நம்பி வாழும் காஞ்சிபுரத்தில் காட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம் பாலாற்றை எண்ணிப் பாருங்கள். வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு அந்த ஆற்றைக் கெடுத்தது. அவ்வூர் மக்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்று 1996 ஆகஸ்டில் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் காடுகளுக்கும் ஒரு தீர்ப்பு வந்தது. அதுவும் தமிழ்நாட்டு மண்ணில் எழுந்த வழக்கே.

நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் நிலம்பூர் கோவிலகத்தாருக்கு ஜன்ம நிலமாகப் பெருங்காடுகள் இருந்தன. 1969-இல் ஜன்ம உரிமை ஒழிப்புச் சட்டம் வந்தபின் அவை அரசின் பொறுப்புக்குப் போயின. அங்கே மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு மனம் பொறாத கோவிலகத்துப் பெரியவர் கோதவர்மன் திருமுல்பாடு, 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார்.

மத்திய அரசின் அனுமதியின்றிக் காட்டு நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் சொல்லியிருந்தது. ஆனால் எது காடு? அகராதி எதைக் காடு என்கிறதோ அதுவே காடு, நிலம் யாருடையதானாலும் சரி என்றது நீதிமன்றம். அரசு ஒப்புதல் பெற்ற திட்டப்படியன்றி எந்தக் காட்டிலும் மரம் வெட்டக்கூடாது என நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. கூடலூருக்காகக் கேட்டவர், இந்தியாவுக்கே பெற்றுத் தந்தார்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வடகிழக்கில் மரம் அறுக்கும் ஆலைகள் மூடப்பட்டன. கூலியாட்கள் பிழைப்பை இழந்தார்கள். தறி நின்றால் வீட்டில் உலை என்னாகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? 2002-இல் ஆக்கிரமிப்பை அகற்றுகிறோம் என்று பழங்குடி மக்களையும் வெளியேற்றினார்கள். அவர்களுடைய உரிமையை ஏற்க 2006-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. காட்டைக் காப்பவர் காட்டில் வாழ்பவரையும் கேட்கவேண்டும் என்பதே அதன் பாடம்.

வென்ற வழக்கும் முடிந்த வழக்கல்ல. 2016-இல் திருமுல்பாடு மறைந்தார். வழக்கோ அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. 2023-இல் சட்டத்தைத் திருத்திக் காட்டின் பொருளைச் சுருக்கினார்கள். பழைய பொருளையே பின்பற்றுமாறு 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது.

அன்பர்களே, நம் ஏரிக்கரை மரம் வெட்டப்பட்டால் புலம்பி நிற்கவேண்டாம். சர்வே எண்ணைக் குறியுங்கள். தேதியோடு படம் எடுங்கள். ஆட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சென்னையில் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. வெட்டிய மரத்தை எந்தத் தீர்ப்பும் நட்டு வைக்காது. ஆகவே நேரத்தோடு கேளுங்கள்.