பாட்டி போட்ட ஒரே கண்டிஷன்

போன எபிசோடில் ஏற்காட்டில் ஒரு பழைய சிங்கர் தையல் மெஷின் வாங்கினேன்னு சொல்லி நிறுத்தியிருந்தேன் இல்லையா, மிச்சக் கதை இன்னைக்கு.

வித்தவங்க ஒரு பாட்டி. எஸ்டேட் பக்கம் முப்பது வருஷம் தைச்சவங்க. முட்டி வலி, இனி பெடல் மிதிக்க முடியாது. எனக்கு முன்னாடியே ஒருத்தர் வந்து கூடுதல் விலை சொல்லியிருக்கார், காலை மட்டும் எடுத்து காபி டேபிள் செய்ய. பாட்டி தரலை. என்கிட்ட கேட்டது ஒண்ணுதான்: "தைக்கறதுன்னா எடுத்துட்டுப் போ கண்ணு. டேபிள் ஆக்கறதுன்னா வேண்டாம்."

தைக்கிறேன்னு சொல்லிட்டேன். அப்போ எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது.

சீரியல் நம்பர் 'ஒய்' எழுத்தில் ஆரம்பிக்குது. அப்படின்னா ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலை, 1920கள் இல்லைன்னா 30களின் முதல் பாதி. அந்தத் தொழிற்சாலை 1980லேயே மூடிட்டாங்க. அந்த ஊர் ரயில்வே ஸ்டேஷன் பேர் மட்டும் இன்னும் 'சிங்கர்'.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்து பார்த்தா, வீல் அசையவே இல்லை. துரு தான்னு நினைச்சேன், மலைப்பனியில் இருந்த இரும்பாச்சே. காரணம் அது இல்லை, தேங்காய் எண்ணெய்! நம்ம வீடுகளில் கீச்சுனு சத்தம் வந்தாலே அதைத்தானே ஊத்துவோம்? சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைஞ்சிடும். ஏற்காட்டில் பல காலைகள் அதைவிடக் குளிர். வருஷக்கணக்கில் நின்னா காய்ஞ்சு பிசினாவும் ஆயிடும். ஹேர் டிரையரில் சூடு காட்டி, மண்ணெண்ணெய் சொட்டு சொட்டா விட்டு, மூணாம் நாள் வீல் சுத்துச்சு. அப்புறம் சரியான மெஷின் ஆயில்.

ஒரு தப்பும் பண்ணேன். பளபளக்கணும்னு ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சேன். அந்தக் காலத்து வார்னிஷ் அரக்கில் செஞ்சது, ஸ்பிரிட்டில் கரையும். தங்க எழுத்தில் பாதி பஞ்சோட வந்துடுச்சு. நீங்க பண்ணாதீங்க, மெஷின் ஆயிலே போதும்.

உதிரிபாகத்துக்குக் கஷ்டமே இல்லை. இது 15ஆம் வகுப்பு மாடல். நம்ம ஊர் கறுப்பு மெஷின்களில் நிறைய இதே அமைப்புதான், அதனால் பாபின், ஊசி, தோல் பெல்ட் எல்லாம் சேலத்துக் கடையிலேயே கிடைச்சது.

ஆனா தையலுக்கு அடியில் நூல் வளையம் வளையமா தொங்குது. அடியில்தானே பிரச்சினைன்னு பாபின் கேஸ் திருகை ரெண்டு நாள் திருகினேன். எரர் தெரியிற இடத்திலேயே பக் இருக்கும்னு நம்புற ஜூனியர் டெவலப்பர் மாதிரி.

தைச்ச துணியை எடுத்துட்டு மறுபடி மலை ஏறினேன். பாட்டி அதைத் திருப்பி, நகத்தால் ஒரு தடவை தடவினாங்க. "கீழ ஒண்ணுமில்ல கண்ணு. மேல் நூல் டென்ஷனைப் பாரு."

வீட்டுக்கு வந்து பிரிச்சேன். மேல் டென்ஷன் தட்டு ரெண்டுக்கும் நடுவில் காக்கி நூல் பிசிறு ஒண்ணு சிக்கியிருந்தது. ஏதோ ஒரு பையனோட ஸ்கூல் டிரவுசர்.