பேரண்டத்திற்குப் படைப்பாளன் வேண்டுமா?

(நம் பள்ளிவாசலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நாயகம் (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக.



கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் சிலர், "எல்லாவற்றையும் இறைவன் படைத்தான் என்றால் இறைவனைப் படைத்தது யார்?" என்று கேட்கின்றனர். பெரியவர்கள் அதட்டி வாயடைத்துவிடுகின்றனர். அது முறையன்று. சொல்லவும் அஞ்சும் எண்ணங்கள் உள்ளத்தில் எழுகின்றன என்று ஸஹாபாக்கள் முறையிட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. அது ஈமானின் அடையாளமே எனத் தேற்றினார்கள்.

இவ்விவாதம் இம்மண்ணுக்கும் புதிதன்று. பூம்புகாரின் மணிமேகலை, வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்டறிந்ததைச் சீத்தலைச் சாத்தனார் தனிக் காதையாகவே பாடியுள்ளார். உலகைப் படைத்தவன் உண்டு என்போரும், பூதங்களின் கூட்டத்தாலேயே உணர்வு பிறக்கிறது என்போரும் அங்கே தத்தம் வாதத்தை உரைக்கின்றனர்.

இனி விடைக்கு வருவோம். இல்முல் கலாம் பயில்வோர் அறிந்த வழிகள் இரண்டு. முதலாவது, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு 1111) விளக்கியது: தொடக்கமுள்ள ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, உலகுக்குத் தொடக்கம் உண்டு, ஆகவே உலகுக்கும் காரணம் உண்டு. பேரண்டம் சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் விரியத் தொடங்கியது என்னும் இன்றைய அறிவியலைச் சிலர் இதற்குச் சான்றாக்குகின்றனர். அவசரம் வேண்டா. அதற்கு முன் என்ன என்பதை அறிவியல் இன்னும் முடிவு செய்யவில்லை. 1931இல் ஆதி அணுக் கருத்தை முன்வைத்த லெமைத்ரே ஒரு பாதிரியார். அவரே அதைச் சமயத்திற்குச் சான்றாக்க விரும்பவில்லை.

இரண்டாவது, இப்னு ஸீனா (மறைவு 1037) காட்டிய வழி. கடைமடைக்காரர்களான நமக்கு இது எளிதில் விளங்கும். வயலுக்கு நீர் தந்தது வாய்க்கால்; வாய்க்காலுக்குக் காவிரி; காவிரிக்கு மேட்டூர்; மேட்டூருக்கு மழை. வாய்க்கால் வாங்கித் தருமேயன்றி நீரை உண்டாக்காது. ஆயிரம் வாய்க்கால்களை இணைத்தாலும், வட்டமாகவே வெட்டினாலும், அவற்றால் ஒரு துளி பிறவாது. அவ்வாறே, இல்லாமலும் இருந்திருக்கக்கூடிய பொருள்கள் (மும்கின்) யாவும் இருப்பைக் கடன் வாங்கியவை. இருப்பைத் தன்னிடமே உடைய ஒருவன் (வாஜிபுல் வுஜூத்) இன்றி அவை இல்லை. உலகுக்குத் தொடக்கமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இவ்வாதம் நிற்கும்.

பிள்ளைகளின் கேள்விக்கு விடை இதுவே: எல்லாவற்றுக்கும் படைப்பாளன் உண்டு என்று நாம் சொல்லவில்லை, கடனாகப் பெற்றதற்கே தந்தவன் உண்டு என்கிறோம்.

1948இல் வானொலி விவாதமொன்றில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், பேரண்டம் முழுமைக்கும் காரணம் கேட்பதே பொருந்தாது என வாதிட்டார். அதை அறிவின்மை என்று தள்ளலாகாது. ஆயினும், ஒவ்வொரு செங்கல்லுக்கும் காரணம் கேட்கும் அறிவு, வீட்டைக் கண்டதும் வாய்மூடுவது ஏன் என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

தர்க்கத்திற்கும் எல்லை உண்டு. பிறிதொன்றைச் சாராத ஒருவன் உண்டு என்பது வரையில் அது நம்மை அழைத்துச் செல்லும். அவன் அர்ரஹ்மான் என்பதையும், நம் துஆவைச் செவியுறுகிறான் என்பதையும் வஹீயே அறிவிக்கிறது.

ஆகவே, கேட்கும் பிள்ளையை அருகில் அமர்த்திப் பேசுங்கள். விடை கூற இயலாவிடின் பள்ளிவாசலுக்கு அழைத்து வாருங்கள், சேர்ந்தே சிந்திப்போம். நம் பிள்ளைகளின் அறிவையும் ஈமானையும் அல்லாஹ் வலுப்படுத்துவானாக! ஆமீன்.