ருசி பார்த்தால் மட்டும் போதுமா?



சத்துணவைப் பரிமாறும் முன் நாம் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கிறோம். உப்பு, காரம், வேக்காடு தெரிந்துவிடும். கிருமி தெரியாது.

1996 ஜூலையில் ஜப்பானின் சக்காய் நகரில், பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகள் கூட்டம் கூட்டமாக நோயுற்றார்கள். கடும் வயிற்றுவலி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. பாதிக்கப்பட்டோர் 9,000 பேருக்கும் மேல். காரணம் ஈ.கோலை ஓ157 என்னும் பாக்டீரியா. வேகவைக்காமல் பரிமாறிய முள்ளங்கி முளைகள் மீது சந்தேகம் விழுந்தது. மூன்று குழந்தைகள் இறந்தார்கள். அன்று முதல் வகுப்பில் படித்த இன்னொரு சிறுமி, அந்நோயின் பின்விளைவால் 2015இல், தம் 25ஆம் வயதில் இறந்தார்.

இந்தக் கிருமி நன்றாக வேகவைத்தால் மடிந்துவிடும். ஸ்டெஃபைலோகாக்கஸ் அப்படியல்ல. சமைப்பவரின் கைப்புண்ணிலிருந்து உணவில் சேர்ந்து, அது ஆறிக் கிடக்கும் சில மணி நேரத்தில் நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடாக்கினால் கிருமி சாகும், நஞ்சு போகாது.

ஆகவே, ருசி பார்க்கும்போதே நான்கு கேள்விகளையும் கேட்போம். உணவை அடுப்பிலிருந்து இறக்கி எவ்வளவு நேரமாயிற்று? தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவினோம்? பிள்ளைகள் கை கழுவச் சோப்பு இருக்கிறதா? சமைப்பவர் கையில் புண் உண்டா?

புண் இருந்தால் அந்த அம்மாவைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆறும்வரை உணவைத் தொடாத வேலையைக் கொடுப்போம். கடிந்தால், அடுத்த முறை புண்ணை மறைப்பார். மறைத்த புண்தான் ஆபத்து.