பால்வாடி அடுப்படி



கல்யாண வீட்டில் ஐந்நூறு பேருக்குச் சமைக்கிறவரைக் கைமணக்காரர் என்று ஊரே கொண்டாடுகிறது. பள்ளி வயதுகூட எட்டாத இருபது முப்பது பிள்ளைகளுக்கு வாரம் முழுக்கச் சமைத்துப் போடுகிற பால்வாடி ஆயாம்மாவின் கைப்பக்குவத்தைப் பற்றி எங்கேயாவது பேச்சு எழுகிறதா? முட்டை அழுகியிருந்தது, அரிசியில் புழு நெளிந்தது என்றால் செய்தி வருகிறது. நன்றாகச் சமைத்த நாள்கள் செய்தியாவதில்லை. அந்த நல்ல சமையலைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு பேச வந்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டி, அவர்கள் முகம் பார்த்துச் சமைப்பது, பழகித் தேர்ந்தவர்களுக்கே வசப்படுகிற ஒரு கலை.

தமிழ்நாட்டில் இதன் வரலாறு உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதியச் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கியது. 1956-இல் காமராஜர் மதிய உணவைப் பல ஊர்ப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார். இரண்டும் பள்ளிப் பிள்ளைகளுக்கானவை. பள்ளி வயது எட்டாத பிள்ளைகளின் தட்டிலும் மாநிலமெங்கும் சோறு விழத் தொடங்கியது 1982 ஜூலை 1 முதல்தான். திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், ஊரகத்தில் 2 வயதுப் பிள்ளையையும் முதல் நாளிலிருந்தே கணக்கில் சேர்த்துக்கொண்டது. 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. அது வளர்ந்து இப்போது பால்வாடிப் பிள்ளைக்கு வாரத்துக்கு மூன்று முட்டை. வெறும் சாம்பார் சாதம் என்றிருந்தது மாறி, தக்காளிச் சாதம், எலுமிச்சைச் சாதம், காய்கறிச் சாதம், பருப்புச் சாதம் என்று நாளுக்கு ஒன்றாக இப்போது பரிமாறுகிறார்கள்.

இவையெல்லாம் அரசாணைகள் செய்த வேலை. அரசாணையில் எழுதியிருப்பது பிள்ளையின் வயிற்றுக்குள் போகிறதா என்பது வேறு கணக்கு. அது அடுப்படியில் தீர்மானமாகிறது.

முதலில் சாப்பிடுகிறவர் யார் என்று பாருங்கள். கடைசி நான்கு பால் கடைவாய்ப்பற்கள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு வயதையொட்டித் தொடங்கி இரண்டே முக்கால் வயதுக்குள்தான் முளைக்கின்றன. அப்படியென்றால் பால்வாடிக்குப் புதிதாக வந்து சேர்ந்த குழந்தைக்கு அரைத்து மெல்லப் பல் முழுசாக இல்லை. அதே பாயில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக்காரனுக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது. இருவருக்கும் ஒரே பாத்திரத்துச் சோறு. ஆளுக்கு 80 கிராம் அரிசி என்பது கணக்கு. 80 கிராம் அரிசி வெந்தால் 200 கிராமுக்கு மேல் சோறாகிவிடும். ஐந்து வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் சாப்பிட்டுவிடும். இரண்டு வயதுப் பிள்ளையின் சின்ன வயிறு பாதியிலேயே நிரம்பிவிடும். அதனால் கைதேர்ந்த ஆயாம்மா என்ன செய்கிறார்? உலையில் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் வைத்துச் சோற்றைப் பொலபொலவென்று விடாமல் பூப்போலக் குழையவிடுகிறார். சின்னதுகளுக்கு முதலில் இறக்கி, கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, கொஞ்சமாகப் போட்டு, மீதியை அரைமணி கழித்துக் கொடுக்கிறார். இதை அவருக்கு எந்தச் சுற்றறிக்கையும் சொல்லித்தரவில்லை.

ஈரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்து மையத்தில் ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்கு எலுமிச்சைச் சாதமும் முட்டையும். ஆயாம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முட்டைகளை முதலில் ஒரு குண்டானில் தண்ணீர் ஊற்றிப் போட்டார். அடியில் படுத்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார். மேலே எழும்பி மிதந்த ஒன்றைத் தனியே ஒதுக்கினார். வெந்து முடிந்ததும் சுடுதண்ணீரிலேயே ஊறவிடாமல் உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றினார். ஏன் என்று கேட்டேன். "சூட்டிலேயே கெடந்தா மஞ்சக்கருவச் சுத்திப் பச்சையா ஒரு வளையம் கட்டும் சார். கவிச்சி அடிக்கும். அதுக்கே பாதிப் பிள்ளைங்க துப்பிரும்" என்றார். வேதியியல் புத்தகத்தில் இருப்பதும் அதேதான். அளவுக்கு மேல் சூடேறும்போது வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்ந்து அந்தப் பச்சை நிறத்தையும் வாடையையும் உண்டாக்குகின்றன. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது பெரிய சொத்து. அந்தச் சொத்து வயிற்றுக்குள் போகுமா, குப்பைக்குப் போகுமா என்பதை ஒரு குண்டான் குளிர்ந்த தண்ணீர் முடிவு செய்கிறது.

அடுத்து எலுமிச்சை. கடுகு, உளுத்தம்பருப்பு, மஞ்சள்தூள், காயம் தாளித்துச் சோற்றைக் கொட்டிக் கிளறினார். மிளகாயை முழுசாகப் போட்டு வாசம் இறங்கியதும் எடுத்துவிட்டார். கறிவேப்பிலையை இலையாகப் போடவில்லை. காயவைத்துப் பொடித்த பொடி ஒரு டப்பாவில் இருந்தது. இலையாகக் கிடந்தால் பிள்ளைகள் பொறுக்கி ஓரம் வைத்துவிடுவார்கள் அல்லவா? அடுப்பை அணைத்து, சோற்றின் ஆவி சற்று அடங்கிய பிறகுதான் எலுமிச்சையைப் பிழிந்தார். கசந்துவிடக் கூடாது என்பது அவருடைய காரணம். அதற்குள் இன்னொரு நன்மையும் அடங்கியிருக்கிறது. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி கொதிசூட்டில் அழியக்கூடியது. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்ள உதவுவதும் அந்த வைட்டமின்தான். ரத்தசோகை நம் பிள்ளைகளை வாட்டுகிற நாட்டில், எலுமிச்சையை எந்த நிமிடத்தில் பிழிகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

இனி, உடனுக்குடன் சமைப்பதன் அருமை. சோறு ஆற ஆற அதிலுள்ள மாவுச்சத்து இறுகி விறைக்கும். நாம் கடித்து மென்றுவிடுவோம். பல் முளைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது பெரும்பாடு. தவிர, சமைத்த சோற்றை வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் வைத்திருந்தால் கிருமி பெருகும். சின்ன உடம்பு வயிற்றுப்போக்கைத் தாங்காது. ஒரு வாரம் சேர்த்த எடையை இரண்டு நாள் பேதி கொண்டுபோய்விடும். இன்னொன்றையும் நான் கண்ணால் பார்த்தேன். தாளிதச் சத்தம் கேட்டதும், பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக அடுப்படிப் பக்கம் திரும்பின. "ஆயாம்மா, இன்னிக்கு மஞ்சச் சோறா?" என்றது ஒரு குட்டிப் பெண். தட்டு வருவதற்கு முன்பே வாசனையே பசியைத் தூண்டிவிட்டது, வாயில் உமிழ்நீர் சுரக்கத் தொடங்கிவிட்டது. இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பெரிய கூடத்தில் சமைத்து, மூடி போட்ட டிரம்மில் வண்டியேற்றி வருகிற சோற்றுக்கு இந்த முன்னறிவிப்பு கிடையாது.

பெரிய சமையற்கூடங்களுக்கு வேறு இடங்களில் தேவை இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அவை ஒத்துவராது என்பது என் உறுதியான எண்ணம். உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரில், பால்வாடி என்று நாம் சொல்லும் அங்கன்வாடிகளின் உணவு வழங்கலில் ஒப்பந்தக்காரர்களை ஈடுபடுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டியோடு சுடச்சுடச் சமைத்த உணவு என்றே எழுதியிருக்கிறது. 2013-இல் வந்தபோது அது 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்று அளவும் சொன்னது. இடையில் 2008 வாக்கில், பள்ளிகளில் சமைத்த சோற்றுக்குப் பதிலாகப் பிஸ்கட் பொட்டலம் கொடுத்துவிடலாம் என்ற யோசனை தில்லியில் வலம் வந்தது. அது நிராகரிக்கப்பட்டது நம் பிள்ளைகள் செய்த பாக்கியம்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒதுக்கப்படும் எண்ணெய் மிகச் சில கிராம்தான். சின்ன வயிற்றுக்குள் அதிகச் சக்தியை அடைக்க எண்ணெயைவிட நல்ல வழி இல்லை. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தருகிறது, ஒரு கிராம் எண்ணெய் 9 தருகிறது. கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் உள்ள வைட்டமின் ஏ-க்கான சத்து உடம்பில் சேரவும் எண்ணெய் வேண்டும். அரிசியைக் கொஞ்சம் குறைத்தாவது எண்ணெயையும் பருப்பையும் கூட்டலாம் என்று தோன்றுகிறது. சுண்டல் கொடுக்கிற நாளில் இன்னொரு கவலை. கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நசுக்கினால் மாவாகும் அளவு வேகவைத்தால் மட்டுமே அது சின்னப் பிள்ளைக்கு உணவு. முழுக் கடலை தொண்டையில் அடைக்கும் ஆபத்தும் உண்டு. மசித்துத்தான் கொடுக்க வேண்டும். எல்லா மையங்களிலும் இந்தக் கவனம் இருப்பதாகச் சொல்ல முடியாது. சில இடங்களில் சமையல், கழுவல், பெருக்கல், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வருவது எல்லாம் ஒரே பெண் தலையில். வாடகைக் கட்டடத்தில் ஜன்னல் இல்லாத மூலையில் அடுப்பு. இந்த நிலையில் அவரிடம் நுட்பத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கூட ஒரு கையும் காற்றோட்டமான ஓர் அடுப்படியும் கொடுத்துவிட்டுக் கேட்போம்.

பரிமாறுவதும் இந்தக் கலையில் பாதி. ஈரோட்டுப் பக்கம் நான் பார்த்த மையத்தில் அன்றைக்குத் தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல் கொஞ்சம் இருந்தது. மூன்று வயதுப் பையன் ஒருவன் தட்டைத் தள்ளிவிட்டான். வாயைப் பிளந்து திணிக்கவில்லை ஆயாம்மா. "வேண்டாமுன்னா வெச்சுரு கண்ணு. அண்ணன் திங்கறதப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். ஒரு சிட்டிகைக் கீரை மட்டும் அவன் சோற்றோரத்தில் இருந்தது. அன்றைக்கு அவன் தொடவில்லை. ஒரு புதிய உணவை ஒரு பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டுப் பத்துத் தடவையாவது அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று குழந்தை ஊட்டச்சத்து ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். வீட்டில் நாமோ மூன்றாம் தடவையே "இவனுக்குக் கீரை பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பால்வாடியில் பத்துப் பிள்ளைகள் கூடவே உட்கார்ந்து சாப்பிடுவது எந்தத் தாயாலும் தனியாகக் கொடுக்க முடியாத உதவி.

அடுப்புக்கும் எடைக்கருவிக்கும் உள்ள உறவையும் சொல்லிவிட வேண்டும். 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, பிள்ளைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்து உருண்டை கொடுத்தார்கள். மாதாந்தர எடை இன்றும் தொடர்கிறது. எடை அட்டையில் கோடு படுத்துவிட்டால், அந்தப் பிள்ளையின் தட்டை அடுத்த மாதம் ஆயாம்மா தனியாகக் கவனிக்கிறார். சமைத்தவரே பரிமாறி, பரிமாறியவரே மிச்சத்தைப் பார்த்து, அவர் கண்ணெதிரே எடையும் போடப்படுகிற இடம் வேறெங்கே இருக்கிறது? மையத்தில் அடுப்பு எரிகிற வரைக்கும்தான் இந்தச் சங்கிலி அறாமல் இருக்கும்.

உங்கள் தெருவில் ஒரு பால்வாடி இருக்கும். பகல் பதினொன்றரை மணிவாக்கில் டீச்சரிடம் சொல்லிவிட்டு ஒருநாள் போய்ப் பாருங்கள். ஒரு கரண்டி வாங்கி ருசி பாருங்கள், உப்பு சரியாக இருந்தால் சமைத்தவரிடம் சொல்லுங்கள். வளாகத்தில் கொஞ்சம் மண் இருந்தால், உங்கள் வீட்டு முருங்கையில் கைப்பருமனுக்கு ஒரு போத்து வெட்டிக் கொண்டுபோங்கள். மழைக்கு முன்னால் நட்டு, ஆடு கடிக்காமல் சுற்றி முள் கட்டிவிட்டால் போதும். ஓர் ஆண்டுக்குள் கீரை பறிக்கலாம்.