வாவியைக் கடக்கும் கட்டளை

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். ஞாயிறு எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. குருக்கள்மடத் துறையில் பாதையேறி அம்பிளாந்துறைக்குச் சென்றோர், இடையிலுள்ள நீர் மனிதரின் நேரத்தை எத்துணை விழுங்கும் என்பதை நன்கறிவர்.

நேயர்களே, ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். குருக்கள்மடத்து ஆசிரியர் ஒருவர் தவணைப் பரீட்சை வினாத்தாளை ஆயத்தம் செய்கிறார். அக்கரைப் பாடசாலை மாணவருக்கும் அது வேண்டும். இங்கே அச்சிட்டால் தாட்கட்டைச் சுமந்து வாவியைக் கடத்தல் வேண்டும். அச்சுப்பொறி அக்கரையில் இருக்க, கட்டளை மட்டும் இக்கரையிலிருந்து செல்லுமாயின், வேண்டிய இடத்திலேயே வினாத்தாள் அச்சாகும். அச்சுப்பொறி, வருடி, ஒளிப்படக் கருவி முதலிய கணினியின் புறச்சாதனங்களை வலையமைப்பின் வழியே தொலைவிலிருந்து இயக்குதல் என்பது இதுவே.

இவ்வெண்ணம் புதியதன்று. 1940ஆம் ஆண்டு செப்தெம்பரில், அமெரிக்காவின் டாட்மத் கல்லூரியில் கூடிய கணித அறிஞர் முன்னிலையில், ஜோர்ஜ் ஸ்ரிபிற்ஸ் என்பார் ஒரு தொலைத்தட்டச்சுப் பொறியை வைத்து, நியூயோர்க் நகரில் இருந்த கணிப்பானை இயக்கிக் காட்டினார். 1973இல் சீரொக்ஸ் நிறுவனத்தின் பலோ அல்ற்றோ ஆய்வு நிலையத்தில் ஈதர்நெற் என்னும் வலையமைப்பு உருவாகத் தொடங்கியது. பல கணினிகள் ஒரு லேசர் அச்சுப்பொறியைப் பகிர்ந்து கொள்வது அதன் நோக்கங்களுள் ஒன்றாகும்.

புறச்சாதனத்தைக் கணினியோடு பிணைக்கும் யூ.எஸ்.பி. 2.0 வடம் 5 மீற்றருக்கு மேல் நீளலாகாது என்பது விதி. இவ்வெல்லையைக் கடக்க, யப்பானின் நாரா அறிவியல் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ஹிரோஃபுச்சி என்பாரும் அவர்தம் குழுவினரும் ஒரு முறையை வகுத்து, 2005இல் வெளியிட்டனர். சாதனத்துக்குச் செல்லவேண்டிய கட்டளைகளைக் கணினி சிறு தரவுப் பொதிகளாகக் கட்டி வலையமைப்பில் அனுப்புகிறது. மறுமுனையிலுள்ள கணினி அவற்றை அவிழ்த்துத் தன்னோடு இணைந்த சாதனத்துக்கு வழங்குகிறது. விடையும் அவ்வாறே திரும்புகிறது. எனவே, அக்கரைச் சாதனம் தன் மேசை மீதே உள்ளதென இக்கரைக் கணினி கருதிக்கொள்கிறது. இம்முறை 2014இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே சேர்க்கப்பட்டது. அச்சுப்பொறி சிறிது தாமதத்தைப் பொறுக்கும். அசையும் காட்சியை அனுப்பும் கருவியோ பொறுக்காது. இணைப்பின் வேகத்தை அறிந்தே பயன்படுத்தல் வேண்டும்.

இனி, கவனிக்க வேண்டிய ஆபத்தொன்று உண்டு. நாம் செல்லும் வழியே பிறரும் செல்லக்கூடும். 2016இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத ஒளிப்படக் கருவிகளைப் பெருந்தொகையாகக் கைப்பற்றி, இணையச் சேவைகள் பலவற்றை முடக்கியது. 2018இன் இறுதியில், காப்பின்றி இணையத்தில் திறந்து கிடந்த ஏறத்தாழ 50,000 அச்சுப்பொறிகளில் அந்நியர் ஒருவர் தாம் விரும்பிய செய்தியை அச்சிடச் செய்தார். அவ்வாறு திறந்து கிடக்கும் அச்சுப்பொறிக்கு நம் வினாத்தாளை அனுப்பின், பரீட்சையின் நேர்மை என்னாகும்?

ஆதலின் மூன்று காவல்கள் வேண்டும். முதலாவது, வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுதல். இரண்டாவது, சாதனத்தைப் பொது இணையத்தில் திறந்து வையாது, மறைகுறியிட்ட தனிவழியால் மட்டும் அணுகுதல். மூன்றாவது, அச்சுப்பொறியருகே நம்பிக்கைக்குரிய ஒருவரை அமர்த்துதல். தாளை நிரப்பவும், அச்சான வினாத்தாளை எடுத்துப் பூட்டி வைக்கவும் மனிதக் கையே வேண்டும்.

ஒரு பொறியை இரு கரையாரும் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும்; அக்கரைப் பிள்ளை இக்கரைப் பிள்ளை என்னும் வேற்றுமையும் சிறிது குறையும். கட்டளை ஒரு நொடியில் வாவியைக் கடக்கும். அதை அனுப்புவோரும் பெறுவோரும் ஒருவரையொருவர் நம்பத்தக்கவராய் இருத்தலே அதற்கு உறுதியான துறையாகும்.